உங்கள் மகள் சர்வேயர் ஆகலாமா?

சென்ற ஆவணி மாதம் ஒரு நாள், எங்கள் மனையை அளக்க சர்வேயர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் விடிந்ததும் டிகாஷன் இறக்கி, இரண்டு பேருக்குச் சேர்த்து இட்லி ஊற்றி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மனையில் போய் நின்றேன். மீசையும் குடையுமாக ஒரு பெரிய மனிதர் வருவார் என்பது என் நினைப்பு. வந்ததோ ஸ்கூட்டரில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். சுடிதாரின் மேல் முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ.

"சர்வேயர் பின்னால வர்றாராம்மா?" என்று கேட்டேன்.

"நான்தாங்கம்மா சர்வேயர்" என்று சிரித்தது அந்தப் பெண். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்த மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் போடிநாயக்கனூர். மேற்கே பார்த்தால் மலை. அதற்கு அந்தப் பக்கம் ஏலக்காய்க் காடு. போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில், மலையடிவாரத்தில், ஐந்து சென்ட் என்று நாங்கள் வாங்கிய மனை அது. ஏழெட்டு வருஷச் சீட்டுப் பணம், என் வளையல் இரண்டு, என் வீட்டுக்காரரின் போனஸ் எல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. விற்றவர் நாலு பக்கமும் டேப் பிடித்துக் காட்டினார். நீளம் 60 அடி, அகலம் 36 அடி 4 அங்குலம். எதிர்ப் பக்கங்களும் இம்மி பிசகாமல் அதே அளவு. இரண்டையும் பெருக்கினால் 2,180 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் சரியாக வந்துவிட்டது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்துத் தலையாட்டியவள். ஆகவே பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சர்வேயர் பெண் வந்ததும் பக்கங்களை அளக்கவில்லை. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தது. என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அன்று சனிக்கிழமை. டேப்பின் மறு நுனியை அவள்தான் பிடித்தாள். ஒரு குறுக்கு அளவு 82 அடி. மற்றது 55½ அடி.

"நாலு பக்கமும் பத்திரத்துல இருக்கிறபடிதாங்கம்மா இருக்கு. ஆனா மனை சாய்ஞ்சிருக்கு. நேர்ச்சதுரமா இருந்தா ரெண்டு குறுக்கும் 70 அடி வரணும்" என்றது.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டி வாங்கி வரச் சொல்லி, உள்பெட்டியை எடுத்துவிட்டு மேல்கூட்டை மட்டும் கையில் வைத்து லேசாக ஒரு பக்கம் அமுக்கியது. கூடு சாய்ந்தது. நான்கு பக்கத்தின் நீளமும் மாறவில்லை. நடுவில் இருந்த இடம்தான் சுருங்கிப்போயிற்று. இன்னும் அமுக்கினால் இடமே இல்லாமல் தட்டையாகிவிடும். அப்போதும் பக்கங்களின் நீளம் அதேதான்! எங்கள் மனையின் உண்மையான பரப்பு சுமார் 1,976 சதுர அடி. நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். குறைந்தது 204 சதுர அடி. பெரிய படுக்கையறை ஒன்று போட்டிருக்கலாம். எருக்கும் சீமைக் கருவேலும் மண்டிக் கிடந்த இடத்தில் சாய்வு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. விற்றவரும் ஊரை விட்டுப் போய்விட்டார். உட்பிரிவு முடிந்து பட்டா வந்தபோது அதில் 0 - 1.84 என்று இருந்தது. முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். நீங்களும் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் மெதுவாக, "அம்மா, நானும் சர்வேக்குப் படிக்கட்டா?" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார்தான் முந்திக்கொண்டார்: "எதுக்கு? மலங்காட்டுல ஆம்பளைகளோட டேப்பைப் பிடிச்சுக்கிட்டுத் திரியிறதுக்கா? டீச்சருக்குப் படி, நர்சுக்குப் படி." நான் அவரை எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். ஆனால் இன்ன வேலை என்றே தெரியாமல் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். அப்போதும் இப்படித்தான், என்ன படிப்பு, எங்கே இருக்கிறது என்று விசாரிக்காமலேயே "போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் விசாரிப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் தெருக்கோடியில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரைச் 'சர்வேயர் ஐயா' என்றுதான் கூப்பிடும். மகளை அழைத்துக்கொண்டு நாலைந்து முறை போனேன். அவர் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு பழைய இரும்புச் சங்கிலி. நீளம் 66 அடி, நூறு கண்ணிகள். குந்தர் என்ற ஆங்கிலேயர் 1620-ம் ஆண்டு வாக்கில் வகுத்த அளவாம். இந்தச் சங்கிலியால் பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி சேர்ந்தால் ஒரு சென்ட். 435.6 என்று ஏன் இப்படி ஒரு கோணல் கணக்கு என்று நான் எத்தனையோ நாள் யோசித்ததுண்டு. கண்ணிக் கணக்கில் பார்த்தால் அது முழு ஆயிரம்!

பிறகு புலப்படம் ஒன்றை விரித்தார். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் உண்டு. நிலத்துக்கு நடுவே ஒரு நேர்கோடு. அதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாக எத்தனை தூரம் என்று எழுதியிருக்கும். நிலம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் முக்கோணமும் பட்டையுமாகப் பிரித்துப் பரப்பைக் கண்டுபிடித்துவிடலாம். சித்திரப் பின்னலுக்கு நாம் கட்டம் போட்டுக்கொள்கிறோமே, அதைப் போலத்தான் என்று எனக்குத் தோன்றிற்று. இந்தப் படத்தை வைத்துத்தான் காணாமல் போன கல்லை மீண்டும் சரியான இடத்தில் நடுகிறார்கள். 1923-ம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, தன் நிலத்துக் கல்லைக் காப்பாற்றி வைப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தக் கல்லில்தான் துணி துவைக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன்.

பட்டாவும் புலப்படமும் இப்போது தமிழக அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். மனை வாங்குமுன் நாங்கள் இந்தப் படத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் சாய்வு அதிலேயே தெரிந்திருக்கும். நகைக்கடையில் உரசிப் பார்க்காமல் வாங்குவோமா? அரைப் பவுனுக்கு இருந்த கவனம் அரை சென்ட்டுக்கு இல்லாமல் போயிற்று.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சமாசாரத்தையும் ஐயா விளக்கினார். மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு தரமாவது சர்வேயரோடு சண்டை போட்டிருப்பார்கள். "நான் கயிறு போட்டு அளந்தேன், 100 அடி இருக்கு. இவர் 86½ அடின்னு எழுதுறாரு" என்பார்கள். இருவர் சொல்வதும் சரிதான். நிலத்தைச் சரிவோடு சேர்த்து அளப்பதில்லை. நேர் மேலே நின்று பார்த்தால் தரையில் எவ்வளவு இடம் அடைக்குமோ அதுதான் கணக்கு. சரிவு 30 பாகையாக இருந்தால் 100 அடி சரிவு 86½ அடி ஆகிவிடும். 45 பாகை என்றால் 71 அடிகூட வராது. ஊரில் எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி. இல்லாவிட்டால் வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. முன்பெல்லாம் சங்கிலியைப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு இறங்குவார்களாம். ஏலத்தோட்டம் வாங்குபவர்கள், விற்பவர்கள், பாகம் பிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வழக்கு குறையும்.

இப்போது சங்கிலி போய்விட்டது. 'டோட்டல் ஸ்டேஷன்' என்ற கருவியை முக்காலியில் வைத்து, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் கண்ணாடிப் பட்டகத்தின் மேல் ஒளியை அனுப்பினால், தூரமும் கோணமும் அதிலேயே வந்துவிடும். சரிவையும் அதுவே கழித்துவிடும். செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கணிக்கும் 'ரோவர்' என்ற கம்பும் உண்டு. ஆனால் ஏலம் வெயில் தாங்காத பயிர். நிழல் மரம் வேண்டும். அடர்ந்த மர நிழலில் செயற்கைக்கோளின் சமிக்ஞை சரியாக எட்டுவதில்லை. அதனால் மலையில் இன்னமும் டோட்டல் ஸ்டேஷனுக்கும் டேப்புக்கும் வேலை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு அளவை தொடங்கியபோது, எல்லையோரத்தில் நிலம் உள்ள எங்கள் பக்கத்துக்காரர்கள் கவலைப்பட்டதும் உண்டு.

இந்த மலைகளை அளப்பது ஒன்றும் புதிதல்ல. வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ லெப்டினன்டுகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களை அளந்தார்கள். அதில் வார்டு 1821-ல் பழனி மலையில் ஏறி இன்றைய கொடைக்கானல் பகுதியை அளந்தவர். அதற்கும் முன்னே, 1802 ஏப்ரலில், லாம்டன் என்பவர் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் மாபெரும் வேலையைத் தொடங்கினார். அவருடைய கோணமானி அரை டன் எடை. சமவெளியில் தென்னைக்கு மேலே தூரம் பார்க்கக் கோயில் கோபுரங்களில் அதை ஏற்றுவார்களாம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கிப்போயிற்று. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டிச் சரி செய்தார். இன்றைய கருவியை என் மகள் ஒரு தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஐயா வீட்டுத் திண்ணையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சரி, என்ன படிக்க வேண்டும்? இதுதான் நீங்கள் எதிர்பார்க்கும் விஷயம் என்று தெரியும்.

பத்தாவது தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் 'சர்வேயர்' பிரிவில் இரண்டு வருஷம் படிக்கலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இராது. விசாரித்துச் சேர வேண்டும். 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்' என்ற படம் வரையும் பிரிவும் உண்டு. அல்லது பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ சிவில் டிப்ளமோ. பிளஸ் டூ தேறியவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு வருஷச் செலவு மிச்சம். இன்னும் மேலே போக ஆசைப்பட்டால் பி.இ. சிவில். கிண்டி பொறியியல் கல்லூரியில் 'ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' என்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் படம், கணினி வரைபடம் எல்லாம் அதில் வரும்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்கு மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் சேர்த்தே அறிவித்தார்கள். உங்கள் பெண் சேரும் வருஷத்தில் என்ன விதி என்று பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். 2022-ல் வந்த ஓர் அறிவிப்பில் நில அளவர் 798, வரைவாளர் 236, நகர் ஊரமைப்புத் துறைக்கு 55 என்று மொத்தம் 1,089 இடங்கள் இருந்தன. அதற்குக் கேட்டது ஐ.டி.ஐ. அல்லது சிவில் டிப்ளமோதான், பட்டம் அல்ல. இப்படிப்பட்ட அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்று சர்வேயர் ஐயா எச்சரித்தார். நடுவில் தனியாரிடம் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். ரயில் பாதை, நெடுஞ்சாலை, மின்கம்பி, அணை, குழாய் எது போட்டாலும் முதலில் போவது சர்வேயர்தான். 2010 கடைசியில் நின்றுபோன எங்கள் மதுரை - போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்பி வந்தது. தண்டவாளம் போடும் முன்னே மட்டக்கம்பும் சிவப்பு வெள்ளைக் கழியுமாக ஆட்கள் அளந்துகொண்டு போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்போது அது ஒரு பிழைப்பு என்று தோன்றவே இல்லை.

வெயிலில் அலைய முடியாது என்கிற பெண்களுக்குக் கட்டட அளவை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கூலி என்று படத்தைப் பார்த்தே கணக்கிடுவதும், கட்டி முடித்ததை அளந்து 'எம்.புக்'கில் பதிவதும் இதில் அடங்கும். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 10 அடிக்கு 10 அடி, ஒன்பது அங்குலச் சுவர் 75 கன அடி. அதில் 3 அடிக்கு 7 அடி வாசல் இருந்தால் கிட்டத்தட்ட 16 கன அடி கழிக்க வேண்டும். கன அடிக்குப் பதின்மூன்று செங்கல் என்றாலும் 200 செங்கல் மிச்சம். எங்கள் பழைய வீட்டில் ஒரு அறை எடுத்தபோது கொத்தனார் வாசலுக்கும் சேர்த்துக் கணக்குப் பண்ணினார், நாங்களும் கொடுத்தோம். இல்லாத சுவருக்குக் காசு! இது தவிர, வீட்டுக் கடனுக்காக வங்கிக்கு மதிப்பீடு செய்வது, விரிசலும் ஓதமும் எதனால் என்று பார்த்துச் சொல்வது எல்லாம் சிவில் படித்தவர்கள் அனுபவம் சேர்ந்த பிறகு செய்கிற வேலை. வீட்டிலிருந்தே கணினியில் படம் வரைந்து கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் காலத்தில் அது பெரிய சௌகரியம்.

இனி, கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனையை அளந்த பெண்ணிடம் நான் ஒரு தாயாகக் கேட்டேன், "பயமா இல்லையாம்மா?" என்று.

"வரப்புச் சண்டைதாங்கம்மா பெரிய பயம். ரெண்டு பங்காளியும் அருவாளோட நிக்கிற இடமும் உண்டு" என்றது. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரையும் வைத்துக்கொண்டுதான் அளப்பார்களாம். சண்டை முற்றினால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்து எழுதிவைத்துவிட வேண்டும். போலீஸ் பாதுகாப்போடு மறுபடி போகலாம். தனியாகப் போவதில்லை, டேப் பிடிக்க ஆள் உண்டு. பணம் வைத்துக் கொடுக்க வருபவர்களும் மிரட்ட வருபவர்களும் ஒரே ஆளாகவே இருப்பார்களாம். முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கேட்பதில்லை என்றது. சின்ன வயசுக்கு நல்ல தெளிவு.

"மத்ததெல்லாம் சமாளிச்சுருவேன். பாத்ரூம்தாம்மா கஷ்டம்" என்று அது சொன்னபோதுதான் எனக்கு மனசு சங்கடப்பட்டது. காட்டிலும் மேட்டிலும் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து, இரண்டு தரம் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்றாம். வெளிவேலை பார்க்கும் பெண்கள் நிறையப் பேர் செய்கிற தப்பு இது. விடியற்காலை போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் நம் பெண்களும் இதையேதான் செய்கிறார்கள். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அடக்கி வைக்கவும் கூடாது. எரிச்சலோடு காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்போது அந்தப் பெண் போகிற இடத்தில் எந்த வீட்டில் கேட்கலாம் என்பதைக் காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்கிறதாம். எங்கள் மனைக்கு வந்த அன்று அப்படி நான் கேட்கத் தோன்றாமல் காபியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேனே என்று பிறகு வெட்கமாக இருந்தது. மழைக்காலத்தில் மலையில் அட்டைக் கடி வேறு. நீண்ட சாக்ஸும், அதன் மேல் உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவிக்கொள்வதும்தான் எங்கள் பக்கத்து வழக்கம்.

கல்யாணத்துக்குப் பிறகு? அரசு வேலையானால் இட மாற்றம் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு மேடு பள்ளம் ஏற வீட்டில் ஒத்தாசை வேண்டும். இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் நர்ஸுக்கு இரவு ஷிப்ட் இல்லையா, மில்லுக்குப் போகும் பெண்ணுக்கு அலைச்சல் இல்லையா என்று யோசித்துப் பார்த்தேன்.

சர்வேயர் ஐயா ஒரு நாள் சொன்ன விஷயம் என் மாமியாரையே கொஞ்சம் அசைத்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் தொடங்கியபோது அது சர்வே பள்ளிக்கூடம்தானாம். எட்டே எட்டு மாணவர்கள். நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒரு பெண் அங்கே காலடி வைக்கவில்லை. பிறகு 1940-ல் சேர்ந்தவர் லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கைம்பெண், கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர், பெண்ணைச் சேர்த்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது மின் பொறியியல். அவரைத் தொடர்ந்து சிவில் படிக்க வந்த இரண்டு பேர் கேரளத்துப் பெண்கள், திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும். சான்றிதழ்த் தாளில் ஆணைக் குறித்தே அச்சடித்திருந்ததால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணாக மாற்றி எழுதிக் கொடுத்தார்களாம். திரேசியா பொதுப்பணித் துறையில் சேர்ந்து, சாலையும் பாலமுமாகப் போட்டு, 1971-ல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

"கைக்குழந்தையோட படிச்சாளா?" என்று மாமியார் இரண்டு தரம் கேட்டார். பாலத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மகளுக்குக் கணக்கு வருமா என்பது என் வீட்டுக்காரரின் சந்தேகம். சர்வேயர் ஐயாவே அவளுக்கு ஒரு சோதனை வைத்தார். இருபது அடி பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய், ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு. இவற்றை வைத்துக்கொண்டு எங்கள் மனை மேலிருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் ஞாயிறு குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்ததைக் கவனிக்காமல் தப்பாக எழுதிவிட்டு அழுதாள். மறு வாரம் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் இரண்டு தரம் அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே நோட்டைக் காட்டினாள். நாலடி இரண்டு அங்குலம். அஸ்திவாரம் எடுக்கும்போது கீழ்ப்பக்கம் எவ்வளவு கட்டுமானம் கூடுதலாக ஆகும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படி.

பிளஸ் டூ மதிப்பெண் வந்தது. பிரமாதம் இல்லை, போதும். டிப்ளமோ இரண்டாம் வருஷச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். மதுரையில் கிடைத்தால் விடுதி. பக்கத்தில் கிடைத்தால் பஸ். இடம் கிடைக்காவிட்டால் ஐ.டி.ஐ. என்று மகள் முன்பே சொல்லிவிட்டாள்.

போன வாரம் விளக்கு வைக்கும் நேரம். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி மகளைக் கூப்பிட்டார்.

"இந்தா பிள்ள, எங்கப்பன் எனக்கு மஞ்சக்காணியா ஒரு துண்டு நிலம் குடுத்தாரு. கிணத்து மேட்டுல கிடக்கு. அம்பது வருஷமாச்சு. எம்புட்டு இருக்குன்னு எனக்கே தெரியாது. என் தம்பிமாருகளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. அந்த டேப்பை எடுத்துக்கிட்டு ஒரு நா வர்றியா?"

"வர்றேன் அப்பத்தா. சர்வே நம்பர் தெரியுமா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? புளிய மரம் தெரியும்" என்றார்.